ஆடு ஆடினால் கேட் திறக்காது

"மேடம், ஆடு ஆடுது. கேட்டு தொறக்க மாட்டேங்குது."

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே வந்த போன் இது. பேசியவர் கருப்பையா அண்ணன். கீரனூருக்கு முன்னால் திருச்சி ரோட்டில் லாரி எடை மேடை வைத்திருப்பவர். அந்த மேடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனி.

"எந்த ஆடுண்ணே?"

"வண்டியில நிக்கிற ஆடுங்க. நீங்க கெளம்பி வாங்க, போன்ல சொன்னா ஒங்களுக்குப் புரியாது."

புரியவில்லைதான். பஸ் ஏறினேன்.

பூட்டைத் தூக்கிய கதை

போகிற வழியிலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் புரோகிராம் பைத்தானில் எழுதியது. பிறர் எழுதிவைத்த புரோகிராம் துண்டுகள் பலவற்றை, அதாவது லைப்ரரிகளை, நம்பி ஓடுவது. எந்தெந்த வெர்ஷனோடு சோதித்துப் பார்த்தோமோ, ஒவ்வொரு முறையும் அதையே எடுக்கும்படி பிடித்து வைப்பதுதான் லாக் ஃபைல். இந்தப் பூட்டுப் போடும் வேலையையும், எல்லாவற்றையும் ஒரே புரோகிராமாகக் கட்டும் 'பில்ட்' வேலையையும் ஒரு டூல் செய்துவந்தது.

அந்த வாரம் அந்த டூலுக்குப் புது வெர்ஷன் வந்தது. முதலாளி செல்வம் சார் ஆபீசில் இருந்த எல்லா கம்ப்யூட்டரிலும் ஏற்றச் சொன்னார். ஏற்றியதும் அது, "இந்த லாக் ஃபைல் பழைய வடிவம், புதிதாக உருவாக்கவும்" என்று நின்றுகொண்டது.

"இருங்க சார், ஒவ்வொரு லைப்ரரியா பாத்து மாத்திக்கலாம்" என்றேன்.

"எதுக்கும்மா இவ்வளவு யோசன? பூட்டுதானே பிரச்சன? பூட்டத் தூக்கிட்டா வேல முடிஞ்சுச்சு." சொல்லிக்கொண்டே அவரே லாக் ஃபைலை அழித்தார். டூல் புதிதாக ஒன்றை எழுதியது. அதில் எல்லா லைப்ரரியும் ஆகக் கடைசி வெர்ஷனுக்குத் தாவியிருந்தது. பில்டில் ஒரு எரர்கூட வரவில்லை. "பாத்தீங்களா?" என்றார். முந்தின நாள் சாயங்காலம் கீரனூருக்கு அனுப்பியும் விட்டார்.

மேடையில்

நான் போய் இறங்கியபோது மேடை மேல் ஒரு மினி லாரி. உள்ளே நெருக்கியடித்து வெள்ளாடுகள். முன்னாலும் பின்னாலும் கேட் மூடியிருந்தது. பின்னால் ஜல்லி லாரிகள் ரோடு வரை நின்று ஹாரன் அடித்தன. ஆடுகளின் சொந்தக்காரி ராக்கம்மா, லாரியின் பக்கப்பலகையில் தொற்றிக்கொண்டு ஆடுகளை அதட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா நில்லுங்கடி! ஆடாம நில்லுங்க!"

திரையைப் பார்த்தேன். எடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே, 'எடை ஆடாமல் நிற்கக் காத்திருக்கிறது' என்றொரு வரி. எடை நின்றால்தான் ஸ்லிப் அச்சாகும், ஸ்லிப் வந்தால்தான் கேட் திறக்கும். முன்பெல்லாம் சின்ன அசைவை, எடையைப் படித்துச் சொல்லும் லைப்ரரி கண்டுகொள்ளாது. அதன் மாற்றக் குறிப்பைத் தேடிப் படித்தேன். இனிமேல் சிறு அசைவும் அசைவுதானாம். காலையிலிருந்து நெல்லும் ஜல்லியும் வந்திருக்கின்றன. மூட்டை ஆடுவதில்லை, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, கேட்டைக் கையால தூக்க முடியாதா?"

கருப்பையா அண்ணன் என்னை முறைத்தார். "நீங்கதானே மேடம் வித்தீங்க? ஸ்லிப் இல்லாம ஓனரே நெனச்சாலும் தொறக்க முடியாதுன்னு?"

உண்மைதான். அவருடைய மச்சான், தனக்குத் தெரிந்தவர்களின் வண்டிகளை எடை போடாமலே விட்டுவிடுகிறார் என்று அவரே கேட்டு வாங்கிய வசதி அது.

ராக்கம்மா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, திருச்சியில யாவாரி உயிர் எடைக்கு வாங்குறவன். மதியத்துக்குள்ள போகலன்னா வேற லோடு பாத்துக்கிருவான். ஆட்ட நிக்கச் சொல்ற மிசின எந்த ஊருலத்தா பாத்த?"

ஆபீஸ் கம்ப்யூட்டர் எதிலும் பழைய டூல் இல்லை. புது டூல் பழைய லாக் ஃபைலைத் தொடாது. எங்களோடு வேலை செய்யும், லீவில் ஆவுடையார்கோவில் போயிருந்த பிரபுவின் லேப்டாப் மட்டும்தான் மிச்சம். போன் செய்தேன். பின்னணியில் காதுகுத்து வீட்டு மைக் அலறியது.

"பிரபு, லேப்டாப் அப்டேட் கேக்கும். 'அப்பறம்'னு குடுங்க. தெரியாமகூட 'சரி' குடுத்துராதீங்க. பழைய லாக் ஃபைல எடுத்து பில்ட் பண்ணி அனுப்புங்க."

"சத்தம் கேக்கல மேடம்! என்னத்துக்குச் சரி குடுக்கணும்?"

"எதுக்குமே குடுக்காதீங்க!" என்று நான் கத்தியதில் ஜல்லி லாரிக்காரர்கள் ஹாரனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரபு பில்ட் பண்ணிவிட்டான். ஆனால் அந்த ஊர் சிக்னலில் ஃபைல் நகரவே இல்லை. பொறுமை இழந்த கருப்பையா அண்ணன், "ஆட்ட எறக்குங்க, வண்டி மட்டுமாச்சும் நிக்குமில்ல" என்று பின்பலகையைத் திறந்துவிட்டார்.

வண்டி அசையாமல் நின்றது. ஸ்லிப் வந்தது. கேட் திறந்தது. இறங்கிய ஆடுகளோ ஸ்லிப்புக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே கேட்டுக்கு அடியில் குனிந்து, மேடைக்குப் பின்னால் இருந்த கடலைக் கொல்லைக்குள் போய்விட்டன. கொல்லை கருப்பையா அண்ணனுடையது.

"அய்யோ, பூ எடுத்த கடலைங்க!" என்று தலையில் கைவைத்து ஓடினார். ஜல்லி லாரிகள் ஒவ்வொன்றாக எடை போட்டுப் போய்க்கொண்டிருக்க, டிரைவர், ராக்கம்மா, நான் எல்லாரும் கொல்லைக்குள் ஆடு விரட்டினோம். எல்லாவற்றையும் பிடித்து மறுபடி ஏற்றியபோது அவை வயிறு முட்ட மேய்ந்திருந்தன. ராக்கம்மாவுக்கு ஸ்லிப் வேண்டும். வேறு வழியில்லாமல் வண்டி மீண்டும் மேடை ஏறியது. ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்துவிட்டன. திரையில் எண் ஒரு கணம் நின்றது. ஸ்லிப் விழுந்தது.

ராக்கம்மா வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நெனச்சதுக்கு மேலயே இருக்கே. நல்ல மிசினுதான் போ!"

"கூட இருக்குறது என் கடலை" என்றார் கருப்பையா அண்ணன்.

வண்டி திருச்சிப் பக்கம் மறைந்த பிறகு பிரபுவின் ஃபைல் வந்து சேர்ந்தது. போட்டுவிட்டுத் திரும்பினேன். செல்வம் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கடைசி வரை கேட்டவர், "அப்ப கஸ்டமருக்கு எடை கூடத்தான் வந்துருக்கு?" என்றார்.

கொல்லைக்கு ஈடாக அந்த வருடம் கருப்பையா அண்ணனுக்கு சர்வீஸ் இலவசம் என்று செல்வம் சாரையே ஒப்புக்கொள்ள வைத்தேன். அன்றிலிருந்து லைப்ரரிகளின் வெர்ஷனோடு, அவற்றைப் பூட்டுகிற டூலின் வெர்ஷனையும் சேர்த்தே பிடித்து வைக்கிறோம். புதுசு வந்தால் முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அசையும் பாரத்தோடு சோதிக்கிறோம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எரர் இல்லாமல் பில்ட் முடிந்தது என்றால் பில்ட் முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். ஆட்டை ஏற்றிப் பாருங்கள்.