தீராத வயிற்றுவலி

1. முதல் பேப்பர்

முப்பத்திரண்டு வருடம் போலீஸ் வேலை பார்த்தேன். அதில் இருபது வருடம் ஸ்டேஷன் ரைட்டர். யாரையும் துரத்தி ஓடியதில்லை. துப்பாக்கியைத் துடைத்து வைத்ததோடு சரி. புகார் கொடுக்க வருகிறவர் அழுதுகொண்டே சொல்வதைச் சட்டத்துக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கோர்ட்டு வரைக்கும் பேர். 'ரைட்டர் பாய் எழுதுனா அச்சடிச்ச மாதிரி' என்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு நாள் காலையில், கன்னிவாடிப் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரு அம்மாள் இறந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. பேர் பாப்பாத்தி, அறுபது வயது. தனியாக இருந்து மல்லியும் கனகாம்பரமும் போட்டு வந்தவர். கட்டிலில் கிடந்தார். வாயில் நுரை, பக்கத்தில் ஒரு செம்பு. மூலையில் பூச்செடிக்கு அடிக்கிற மருந்து டப்பா. மருந்தைக் குடித்துவிட்டார் என்றார் இன்ஸ்பெக்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரே மகள் செல்வி. வத்தலக்குண்டில் வாக்கப்பட்டவள். அவள்தான் புகார் கொடுக்க வேண்டும். முந்தின நாள் தோட்டத்தை விற்கச் சொல்லி அம்மாவோடு போனில் சண்டை போட்டிருக்கிறாள்.

"நீ இருந்தா என்ன, செத்தா என்னன்னு சொல்லிட்டேன் அய்யா. அதான் போயிருச்சு."

இதை அப்படியே எழுதினால் ஊர் அவளைச் சும்மா விடாது. புருஷன் வீட்டிலும் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். இந்த மாதிரி நேரத்துக்கு என்றே எங்கள் தொழிலில் ஒரு வரி உண்டு. 'தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து.' பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். காதல், கள்ளத்தொடர்பு, மாமியார் சண்டை எல்லாவற்றையும் அந்த வயிற்றுவலிக்குள் போட்டு மூடிவிடுவோம். அதை நாங்கள் பொய் என்று நினைத்ததே இல்லை. செத்தவருக்கும் இருப்பவருக்கும் செய்கிற மரியாதை என்றுதான் நினைத்தோம்.

"அம்மாவுக்கு வயித்துவலி இருந்துச்சுன்னு போட்டுக்கிருவோம்மா. ஒனக்கும் நல்லது" என்றேன்.

செல்வி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அம்மா காதில் தோடு இல்லையே என்றாள். கழற்றி எங்காவது வைத்திருப்பார், தேடிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். பேப்பரில் அதைச் சேர்க்கவில்லை. வயிற்றுவலிக் கேஸில் தோட்டுக்கு என்ன வேலை?

2. மருந்துக்காரன்

அடுத்த ஒன்றரை வருடத்தில் பக்கத்து ஸ்டேஷன் எல்லைகளில் இன்னும் இரண்டு பெண்கள் இறந்தார்கள். இருவரும் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவர்கள். அங்கே இருந்த ரைட்டர்களும் என்னைப் போல நல்லவர்கள்தான். அவர்களும் வயிற்றுவலி என்றே எழுதினார்கள். மூன்று சாவும் மூன்று பீரோவுக்குள் போய்விட்டன.

நாலாவது அம்மாள் பிழைத்துக்கொண்டார். மூட்டுவலிக்கு நாட்டு மருந்து என்று ஒருவன் கொடுத்தானாம். கசந்ததால் பாதியைத் துப்பியிருக்கிறார். மயங்கி எழுந்தபோது காதில் தோடு இல்லை. அவர் சொன்ன அடையாளத்தை வைத்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தோம். சாதுவான ஆள். ஸ்டேஷனில் டீ கொடுத்தால் நன்றி சொல்லி வாங்குவான்.

இன்ஸ்பெக்டர் பழைய ஃபைல்களை வரவழைத்து மேசையில் பரப்பினார்.

"மூணு பொம்பளைக்கும் ஒரே வயித்துவலியா பாய்?"

மேலே இருந்த ஃபைலில் என் முத்து முத்தான எழுத்து.

அவனை ஜீப்பில் ஏற்றி வீடு வீடாகக் காட்டச் சொன்னோம். இரண்டு வீட்டைத் தயங்காமல் காட்டினான்; எடுத்த தோடுகளை உருக்கி விற்றுவிட்டதாகச் சொன்னான். பாப்பாத்தி அம்மாள் வீட்டைப் பார்த்ததும், ஆமா, பூத்தோட்டத்து வீடு, இங்கேயும் கொடுத்தேன் என்றான். மறுநாள் அங்கே போனதே இல்லை என்றான். மூன்றாம் நாள் ஞாபகம் இல்லை என்றான். இரண்டு கொலையை ஒத்துக்கொண்டவன் மூன்றாவதற்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? முதல் நாள் சொன்னது பொய்யா, அடுத்த நாள் சொன்னதா? அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. லேப் ரிப்போர்ட்டில் மூன்று பேர் உடம்பிலும் ஒரே மாதிரிப் பூச்சிமருந்து. ஆனால் எங்கள் பக்கம் பூ போடுகிற எல்லார் வீட்டிலும் அந்த டப்பா இருக்கும்.

பாப்பாத்தி அம்மாளைச் சார்ஜ் ஷீட்டில் சேர்க்கவில்லை. மற்ற இரண்டிலும் அவன் பேச்சு மாறவில்லை; இதில் மாறிவிட்டது, மகளே வயிற்றுவலி என்று கையெழுத்துப் போட்ட பேப்பரும் இருக்கிறது. அதை வைத்து அவன் வக்கீல் மற்ற இரண்டு கேஸையும் உடைத்துவிடுவார் என்றார் இன்ஸ்பெக்டர். விசாரணை முடிவதற்குள் அவன் ஜெயிலில் நோய் வந்து செத்துப்போனான். கேட்பதற்கு இருந்த ஒரே ஆளும் போய்விட்டான்.

3. வீட்டுக்குள்

அந்த இன்ஸ்பெக்டர் பிறகு யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சொந்தத் தங்கை வீட்டுக்குப் போனாலும் பாட்டிலோடுதான் போவார் என்று கேள்வி. நான் அவரைக் கேலி செய்ய முடியாது. என் மனைவிக்கு முழங்கால் வலி. அவள் வாங்கி வருகிற தைலத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஒரு நாள் அவள் சொல்லிவிட்டாள்.

"கால் வலிக்குதுன்னு ஒங்ககிட்ட சொல்லவே பயமா இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

4. ரெண்டாவது பேப்பர்

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் செல்வி நாகல் நகரில் என் வீட்டைத் தேடி வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வீடு பூராவும் தேடியும் தோடு கிடைக்கவில்லை என்றாள். பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எங்கம்மாவ அவன்தான் கொன்னான்னு எழுதிக் குடுங்கய்யா. கோர்ட்டுக்கு இல்ல, எனக்குத்தான். அன்னிக்கு நான் கேக்காமயே வயித்துவலின்னு எழுதுனீக. இன்னிக்கு நானாக் கேக்குறேன்."

பெற்ற தாயை ஒருத்தன் கொன்றிருக்க வேண்டும் என்று ஒரு மகள் வேண்டிக்கொண்டு நிற்கிறாள். நான் பேனாவை எடுத்தேன். ஒரே ஒரு வரி. எழுதிக் கொடுத்தால் அவள் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் போன தடவையும் இப்படித்தான் இரக்கப்பட்டேன். எழுதுவது பாவமா, எழுதாமல் விடுவது பாவமா என்று தெரியவில்லை.

கடைசியில் அன்றைக்குக் கண்ணால் பார்த்ததை வரிசையாக எழுதினேன். கட்டில். செம்பு. மூலையில் மருந்து டப்பா. காதில் தோடு இல்லை என்று மகள் சொன்னாள், நான் குறிக்கவில்லை. வயிற்றுவலி என்று யாரும் சொல்லவில்லை, நானாக எழுதினேன். எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியாது.

செல்வி எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். தோடு வரியில் விரலை வைத்தாள்.

"எங்கன கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

"நீ போட வேணாம்மா. இது நான் போட வேண்டியது."

போட்டுக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறிப் போனாள். அவளுக்கு அது உதவியதா, புண்ணைக் கீறியதா தெரியவில்லை. அதன் பிறகு அவள் வரவில்லை.

இப்போது ரைட்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். சட்டத்தின் செக்ஷன் நம்பர்கூட மாறிவிட்டது. வயிற்றுவலி வரி மட்டும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளே, அதை அடிக்கக் கை போகும்போது, செத்த நேரம் நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து அழுகிறவரிடம் வேறு என்ன காணோம் என்று கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்காமலே ஒருத்தி சொன்னாள். நான் எழுதவில்லை.