ஃபிளாப்பி கேபிள் நாளைக்கு வரும்

போன மாதம் என் மகள், தனக்கு வேண்டிய கம்ப்யூட்டரைத் தானே பாகம் பாகமாகப் பூட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி, சாமான்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தாள். எனக்கு உள்ளூரக் குஷி. பழைய தொழில் அல்லவா? சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டதற்கு, சூயிங்கம் அளவில் ஒரு தகட்டை எடுத்துக் காட்டினாள். கேபிள்?

"இதுக்கு கேபிளே கிடையாதுப்பா. சொருகி ஒரு ஸ்க்ரூ போட்டா தீந்துது."

ஒரே ஒரு ஸ்க்ரூ! அப்பா மனம் நோகக்கூடாதென்று எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். ஸ்க்ரூ இருந்த சின்ன உறையைப் பிரிக்கும் வேலை. பிரித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், புது பிளாஸ்டிக்கும் எந்திர எண்ணெயும் கலந்த வாசனை. எனக்கு மட்டும் அதோடு பழுத்த ரசகதலி வாழையின் மணமும் சேர்ந்து வந்தது.

காரணம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில், கேரள எல்லைக்குள் இருக்கும் உதியன்குளங்கரைச் சந்திப்பில், ஒரு வாழைக்குலைக் கடையின் மாடியில்தான் எங்கள் கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடை என்றால் நீங்கள் கண்ணாடிக் கதவெல்லாம் கற்பனை செய்யக்கூடாது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான், சுகுமாரன். கீழே குலைகளுக்குப் புகை போடுவார்கள். அது படியேறி வந்து அட்டைப் பெட்டிகளிலெல்லாம் குடியேறிவிடும். எங்களிடம் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் ஒரு வாரம் நிச்சயம் பழவாசனை அடித்திருக்கும். ஒருவரும் புகார் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் என்றாலே அப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சுகுவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. அவன் பூட்டுவான், நான் வாங்கி வருவேன். சனிக்கிழமைதோறும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு சந்துக்கடையில் கேபிள்களைக் கோணியில் கொட்டி வைத்திருப்பார்கள், பாம்புக்குட்டிகள் மாதிரி பின்னிக்கொண்டு கிடக்கும். நாடா போலச் சாம்பல் நிறத்தில், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஹார்ட் டிஸ்கை போர்டோடு இணைப்பது ஒன்று. ஃபிளாப்பி டிரைவுக்குப் போவது இன்னொன்று, அதன் நடுவில் சில கம்பிகள் மட்டும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு போகும். நுனியை அழுத்திப் பார்க்க வேண்டும், வளைத்துப் பார்க்க வேண்டும், ஒரு பல் விட்டிருந்தாலும் ஒதுக்க வேண்டும். ஸ்க்ரூவை எடை போட்டுத் தருவார்கள். ஹார்ட் டிஸ்குக்குப் பெரிய மரை, ஃபிளாப்பி டிரைவுக்கு நெருக்கமான சின்ன மரை. மாற்றிப் போட்டால் பாதியில் சிக்கிக்கொண்டு, இரண்டில் ஒன்றின் மரையைத் தின்றுவிடும்.

வாங்க வருகிறவர்கள் புராசஸர் என்ன, மெமரி எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். கேபிளைப் பற்றியும் ஸ்க்ரூவைப் பற்றியும் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. யாரும் கேட்காத இடத்தில் நமக்கும் கொஞ்சம் அலட்சியம் வந்துவிடுகிறது.

செலின் டீச்சரும் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. "இதுல தமிழ் அடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

பாறசாலைப் பக்கம் ஒரு டுட்டோரியலில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவர். ஒரு பஸ் விபத்தில் வலது முழங்கை நொறுங்கி, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். பேனா பிடித்தால் அரைப் பக்கத்துக்குமேல் தாங்காது. கரும்பலகையில் இடது கையால் எழுதுவார். எங்கள் பகுதியில் அப்போது தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் உண்டு. பாடத்திட்டம் கேரளத்தினுடையது, மொழி தமிழ். மலையாளப் பிள்ளைகளுக்குக் கடை நிறைய கைடு கிடைக்கும். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் வாங்கினால் தமிழில் கைடு உண்டு, ஆனால் அது அந்த ஊர்ப் பாடத்துக்கு. இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒன்றும் கிடையாது. அந்தக் கைடைத் தானே எழுதிவிடுவது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். கை எழுதாது என்பதால், சேமிப்பை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

உயரமான கேபினட் பெட்டி ஒன்றுதான் கையில் இருந்தது. ஹார்ட் டிஸ்கை மேலே வைக்க வேண்டி வந்ததால், வழக்கத்தைவிட நீளமான கேபிளாகத் தேர்ந்தெடுத்தேன். கேபிள் நீண்டால் தகவல் வழியில் சிதறக்கூடும் என்று படித்ததுண்டு. படித்ததெல்லாம் நடக்குமா என்ன என்று எண்ணிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து பெரிய மரை ஸ்க்ரூவும் தீர்ந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கின் ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்க்ரூ போட்டுவிட்டு, "ஆடாதுலே, அது எங்க ஓடப் போவுது" என்றான் சுகு. ஃபிளாப்பி கேபிளோ கடையில் ஒன்றே ஒன்றுதான் நல்லது. அதை மாட்டி விண்டோஸ் ஏற்றினோம், தமிழ் எழுத்துருவை ஏற்றினோம். பிறகு கழற்றி எங்கள் மேசையிலிருந்த மெஷினில் திரும்ப மாட்டிக்கொண்டோம். டீச்சரின் ஃபிளாப்பி டிரைவ் முன்பக்கம் அழகாக வாயை வைத்துக்கொண்டு, பின்பக்கம் ஒன்றோடும் சேராமல் இருந்தது.

"அடிச்சதை வேற இடத்துல எடுத்து வைக்கணும்னா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஃபிளாப்பில எடுக்கலாம் டீச்சர். அதுக்க கேபிள் நாளைக்கு வரும். நானே வந்து மாட்டித் தாறேன்" என்றேன்.

இந்த 'நாளைக்கு' என்கிற சொல்லை நான் அந்த வயதில் எத்தனை சுலபமாகச் சொல்வேன் என்கிறீர்கள்! சனிக்கிழமை வந்தது, போனது; மாதங்களும் அப்படியே போயின. ஒருமுறை வாங்கி வந்த கேபிளைக் காட்டாக்கடை ஊர்க்காரர் ஒருவரின் மெஷினுக்குப் போட்டு அனுப்பிவிட்டோம். டீச்சர் கீழே பழக்கடையில் சொல்லி அனுப்பினார். பிறகு போன் செய்தார். "ஞாபகம் உண்டு டீச்சர், வாறேன்" என்றேன். நினைவு இருந்ததும் உண்மைதான்.

ஜனவரி மாதத்தில் ஒரு காலை, ஆட்டோவின் பின்சீட்டில் அந்தக் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் வந்து இறங்கினார். சுகு ஓடிப்போய்த் தூக்கி வந்து மின்சாரம் கொடுத்தான். ஹார்ட் டிஸ்க் டக்... டக்... என்றது. யாரோ உள்ளே அடைபட்டுக் கதவைத் தட்டுவது போல. திரை கறுப்பாகவே நின்றது.

"அதுல எவ்வளவு இருந்தது டீச்சர்?" என்று கேட்டேன்.

"எல்லாம். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. கடைசிப் பாடம் மட்டும்தான் பாக்கி."

"எழுதி வச்சது?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். கேட்டிருக்கவே கூடாத கேள்வி.

அன்றே ஹார்ட் டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனேன். பழுதுபார்க்கிறவர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "இது போயி, கேட்டோ" என்று மலையாளத்தில் சொல்லிக் கையை விரித்தார். எதனால் என்று கேட்டேன். ஆட்டத்தில் போயிருக்கலாம், கேபிளால் ஆரம்பித்திருக்கலாம், தானாகவும் போகும் என்றார். ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது அது என் மடியில் இருந்தது. நெய்யாற்றின்கரை வரை உட்கார இடம் கொடுத்த ஒரு அம்மா, "ஆர்க்காவது சுகமில்லையா மக்கா?" என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். புது ஹார்ட் டிஸ்க், குட்டைக் கேபிள், நான்கு ஸ்க்ரூக்கள், ஃபிளாப்பி கேபிள் என்று எல்லாம் கையில் இருந்தது. இவ்வளவும் ஒரே நாளில் கிடைத்துவிட்டது என்பதை டீச்சர் கவனிக்கக்கூடாதே என்றிருந்தது எனக்கு. அவர் கவனித்தார்.

சுகு ஆரம்பித்தான். "டீச்சர், தப்பு எனக்கதாக்கும். ஸ்க்ரூ முழுக்கப் போடல்ல. அது ஆடி ஆடித்தான் போச்சு."

"இல்ல டீச்சர், நான் வாங்கின கேபிளு நீளம். அதாலயாக்கும்" என்றேன் நான்.

"எலே, கேபிளு நீளமானா இப்பிடிச் சத்தம் வருமா? எனக்குத் தெரியும்லே."

"உனக்கு என்ன தெரியும்? நேத்து அவரு கேபிளும் காரணமா இருக்கலாம்னு சொன்னாரு."

கொஞ்ச நேரத்தில் குரல் ஏறிவிட்டது. பழியை மற்றவன்மேல் போடுவதற்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு சுகம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஸ்க்ரூ, கேபிள் என்று பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் அது ஒரு தொழில் விஷயம்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "கேபிளும் இல்ல, ஸ்க்ரூவும் இல்ல. கெட்டுப்போற சாமான் கெட்டுப்போவும். நாளைக்கு வாறேன்னு சொன்னீங்க. வரல்ல. அதாக்கும் காரியம்."

சுகு கையிலிருந்த ஸ்க்ரூக்களை மேசைமேல் வைத்ததும் டீச்சர் தொடர்ந்தார்.

"எனக்குக் கோபப்பட நேரமில்ல. மார்ச்சுல பரீட்சை. யாருக்காவது தமிழ் டைப்பிங் தெரியுமா?"

சுகு களியக்காவிளையில் டைப்பிங் படித்தவன். அவன் கையைத் தூக்கினான், வகுப்பில் தூக்குவதுபோல.

அன்று முதல் காலை நேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனோம். அவர் நடந்துகொண்டே சொல்வார், சுகு அடிப்பான். எழுதி வைக்காத மொத்தப் புத்தகத்தையும் மனதிலிருந்து மறுபடி இறக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சில இடங்களில் நின்றுவிடுவார். "முன்னே இதை இன்னும் நல்லா சொல்லியிருந்தேன்" என்பார். அந்த நல்ல வாக்கியம் திரும்ப வராது. சுகு விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொள்வான்.

படம் வரைவது என் பொறுப்பு. மவுஸால் வரைய வேண்டும். நான் வரைந்த சோதனைக்குழாய் வாழைப்பழம் மாதிரி வந்தது. இதயத்தை வரைந்தேன், அயனிச்சக்கை என்கிற சின்னக் காட்டுப்பலா மாதிரி இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார், அந்த நாட்களில் அவர் சிரித்தது அதற்கு ஒருமுறைதான். அதற்கு வேறு நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையில் எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேபினட்டுக்கு ஒரு விசிறி கூடுதலாக மாட்டினோம். ஸ்க்ரூக்களுக்கெல்லாம் சிவப்பு வாஷர் போட்டோம். அதையும் இதையும் திறந்து திறந்து பார்த்தோம். ஒருநாள் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க ரெண்டுபேரும் வருத்தப்பட்டு வருத்தப்பட்டு எனக்க ஜோலி நடக்கல்ல. அந்த ஸ்க்ரூடிரைவரை அஞ்ச மேசைமேல வையுங்க. சொல்லுததை அடியுங்க."

இயற்பியலும் வேதியியலும் முடிந்தன. உயிரியலுக்கு நேரம் இல்லை. அயனிச்சக்கை இதயம் அச்சுக்குப் போகவே இல்லை. நகலெடுத்துத் தைத்து, பிள்ளைகள் கையில் கொடுத்தபோது, ஒரு பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "பயாலஜி இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். ஸ்டான்லி என்று பெயர். "இந்தத் தவணை இவ்வளவுதான் மக்கா" என்றார் டீச்சர். பக்கத்தில் நின்ற எங்களை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அந்த ஸ்டான்லி பரீட்சையில் கொஞ்சம் மார்க்கில் தோற்றான். செய்தி கேட்டு டீச்சரிடம் போனேன். என்ன கேட்க வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"புக்கு முழுசா இருந்தா அவன் ஜெயிச்சிருப்பான்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "ஜெயிச்சிருக்கமாட்டான்னும் சொல்லமாட்டேன்" என்றார். நேர்மையான மனுஷி. நான் பொய்யை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

ஸ்டான்லி மறுபடி எழுதவில்லை. பிற்பாடு நெய்யாற்றின்கரையில் ஆட்டோ ஓட்டினான். நன்றாகவே இருந்தான். கல்யாணம், குழந்தைகள், சொந்த வண்டி. ஸ்டாண்டில் என்னைக் கண்டால், "அண்ணே, வாங்க" என்று சத்தமாகக் கூப்பிடுவான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் இரண்டு பர்லாங்கு நடந்துபோய் வேறு ஆட்டோ பிடிப்பேன். மழையில்கூட நடந்திருக்கிறேன். இதனால் அவனுக்கு ஒரு சவாரி நஷ்டம் என்பதைத் தவிர வேறொரு பலனும் இல்லை என்று தெரியும்.

டீச்சர் அடுத்த வருடம் உயிரியலையும் முடிக்க முயன்றார். முடியவில்லை. முதலில் சொன்ன மாதிரி வரவில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டார். எங்கள் கடையும் அதிக காலம் ஓடவில்லை. பெரிய கம்பெனிகள் முழுதாகப் பூட்டிய கம்ப்யூட்டர்களாகவே விற்க ஆரம்பித்தன. சுகு மஸ்கட்டுக்குப் போனான். நான் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

வெகுகாலம் கழித்து சுகு விடுமுறையில் வந்திருந்தபோது, இரண்டு பேருமாக ஒரு திட்டம் போட்டோம். இப்போது வசதிகள் எவ்வளவோ இருக்கின்றன. டீச்சர் பேசினாலே போதும், எழுத்தாகிவிடும். உயிரியல் உட்பட முழுப் புத்தகத்தையும் வண்ணப் படங்களோடு அச்சடித்துத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவது. சுகு மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தோடு போனோம். டீச்சருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. இடது கையால் டீ ஆற்றிக் கொடுத்தார். நாங்கள் மாறி மாறிச் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"நல்ல காரியம். ஆருக்கு?" என்றார்.

"பிள்ளைகளுக்குத்தான் டீச்சர்."

"எந்தப் பிள்ளைய மக்கா? இஞ்ச பள்ளிக்கூடத்துல தமிழ் டிவிஷனை எடுத்து எத்தனை காலமாச்சு? எல்லாம் இங்கிலீஷ் மீடியமாக்கும். எனக்க பேத்திக்கு அவ பேரையே தமிழில எழுதத் தெரியாது."

சுகு டீ டம்ளரைக் கீழே வைத்தான். டீச்சர் பேரீச்சம்பழத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். பாதியில் நின்றுபோன புத்தகத்தின் மீதியை எழுத மூன்று பேரும் அங்கே இருந்தோம். படிக்கத்தான் யாரும் இல்லை.