இரண்டு ஆம்புக்கும் ஒரே சத்தம்

ராஜபாளையத்தில் எலியேசர் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். காது எலியேசர் என்று கேட்டால்தான் தென்காசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், வீட்டின் முன்னறையையே கடையாக வைத்திருக்கும் இவரிடம் கொண்டுவந்து விடுவார்கள். மைக்செட் ஆம்ப், கீபோர்டு, சர்ச் ஸ்பீக்கர், கிடார் ஆம்ப் என்று சத்தம் போடுகிற எதையும் பழுது பார்ப்பார். கல்யாண வீடு இருக்கும் தெருவுக்குள் நுழையும்போதே, "இடது பக்கத்து ஸ்பீக்கர்ல பேப்பர் கிழிஞ்சிருக்கு, ஓனர்ட்ட சொல்லுங்க" என்பார். போய்ப் பார்த்தால் கிழிந்திருக்கும். அப்படிச் சம்பாதித்த பேர் அது. பேர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. வைத்திருப்பவரும் பார்ப்பதில்லை.

வாலிபத்தில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் சீனிச்சாமி என்பவரின் மைக்செட்டில் வேலை பார்த்தார். ஆடிப்பூரத் தேருக்கு ரத வீதிகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, அய்யனார் கோவில் பொங்கல், வ. புதுப்பட்டி கல்யாணம், சர்ச் கன்வென்ஷன் என்று ஓய்ந்த நாள் கிடையாது. சீனிச்சாமியின் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. குழாயை மரத்தில் கட்டியதும், அதன் வாயில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, கீழே நிற்பவனை முழுச் சத்தமும் வைக்கச் சொல்லவேண்டும். லேசான கரகரப்பு எட்ட நின்றால் தெரியாது, வாயில் காதை வைத்தால்தான் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சட்டென்று விலகிவிடுவார்கள். எலியேசர் மட்டும் கிளையைக் கட்டிப் பிடித்தபடி நின்று நிதானமாகக் கேட்பார். இவன் காது மாதிரி எவனுக்கும் கிடையாது என்று சீனிச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பட்டம் கொடுத்தவரே காதையும் வாங்கிக்கொண்ட கதை என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

போன சித்திரையில் இரண்டு பையன்கள் ஆளுக்கொரு ஆம்பைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கினார்கள். ஒருவன் கிறிஸ்டோ, அப்பாவின் டிராக்டர் சாமான் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். இன்னொருவன் சூர்யபிரகாஷ், மில்லில் சூப்பர்வைசர். இருவரும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். ஊருக்குள் வாசித்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்று செண்பகத்தோப்புப் போகும் வழியில் ஒரு காலி குடோனைப் பிடித்து அங்கே வாசித்துப் பழகினார்கள். கிடாரின் மெல்லிய சிக்னலை வால்வு வால்வாகப் பெருக்கி, உறுமலாக மாற்றித் தருகிற ஹை-கெயின் ஆம்ப் இல்லாமல் அவர்கள் வாசிக்கிற மெட்டல் பாட்டு இல்லை.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்" என்றான் கிறிஸ்டோ. "சூர்யா வச்சிருக்கது முதமுத வந்த வெர்ஷன். நான் வாங்குனது பின்னால வந்தது. நடுவுல கம்பெனிக்காரன் உள்ள என்னத்தையோ மாத்திட்டான். நாங்க ரெண்டு பேரும் ஒரே அடிய ஒண்ணாத்தான் வாசிக்கோம். ஆனா சத்தம் ஒட்ட மாட்டேங்குது. என்னோடத பழசு மாதிரி ஆக்கித் தரணும். அடுத்த மாசம் மதுரையில புரோகிராம்."

"இதுக்கு மதுரையிலயே ஆள் இருப்பானே, தம்பி."

"இருக்கான். ஆனா உங்க காது இல்லல்லா."

எலியேசருக்கு அந்தச் சொல் குளிர்ந்தது. இரண்டு ஆம்பையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கொடுத்து வாசித்துக் காட்டினார்கள். முதலில் பழசு, பிறகு புதுசு, மறுபடி பழசு.

"தெரியுதா அண்ணாச்சி? பழசுல மேல ஒரு கடி இருக்கு பாத்தியளா. புதுசுல அத அமுக்கி வச்சிருக்கான்."

எலியேசருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக உறுமின. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் தெரியவில்லை.

"ஆமா, நல்லாத் தெரியுதே" என்றார்.

அந்தப் பொய்யை அவர் பொய்யென்று நினைக்கவில்லை. இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து இல்லாத வித்தியாசத்தைக் கேட்கிற பையன்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இதுவும் அந்த ரகம், ஆனாலும் வேலைதானே, செய்துகொடுப்போம் என்று நினைத்தார். அதோடு, தெரியவில்லை என்று சொல்லும் பழக்கம் அவர் வாய்க்கே கிடையாது.

மறுநாள் கிறிஸ்டோவின் ஆம்பைத் திறந்தார். கரண்டை எடுத்த பிறகும் வால்வு ஆம்புக்குள் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்குக் கரண்ட் தேங்கியிருக்கும். பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் மாட்டி, அதை முதலில் இறக்கினார். பல்பு ஒரு கணம் எரிந்து அடங்கியது. பையன்கள் கொடுத்த சர்க்யூட் படத்தில் கம்பெனி செய்த மாற்றமெல்லாம் குறித்திருந்தது. பழைய வெர்ஷனில் இல்லாத ஒரு சின்ன கண்டன்சரை, மேல் சத்தத்தை, கூரான ட்ரெபிளை, அடக்குவதற்காகப் புதியதில் சேர்த்திருந்தார்கள். இன்னொரு கண்டன்சர் அளவில் வேறு. கடைசியில் ஒரு ரெசிஸ்டரும் அளவில் வேறு. அவ்வளவுதான். எலியேசரின் கைக்கு அது அரை நாள் வேலை. அதை எடுத்து, இதைப் போட்டு, அழகாகப் பற்றவைத்து முடித்தார். பழுதில்லாத கை அது, இப்போதும்.

கடைக் கிடாரை மாட்டி வாசித்துப் பார்த்தார். எந்த மாற்றமும் இல்லை. நேற்று எப்படி உறுமியதோ அப்படியே உறுமியது.

வேலை முடிந்துவிட்டது என்று அங்கேயே மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எலியேசர் படத்தை நம்பி வேலை பார்க்கிறவர் அல்ல. படத்தில் ஆயிரம் இருக்கட்டும், காதில் வந்தால்தான் அவருக்கு வந்த மாதிரி. படம் போட்டவன் அரைகுறை என்று முடிவுகட்டினார். கெயின் குமிழுக்குக் குறுக்கே, மேல் சத்தத்தைத் தூக்கிவிட ஒரு கண்டன்சர் போட்டார். போதவில்லை. அதைவிடப் பெரிதாகப் போட்டார். இன்னும் இரண்டு இடத்தில், அடக்கி வைக்கிற சாமான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றினார். நடுவில் அவர் மனைவி சந்தனமேரி வந்து என்னவோ சொல்லிவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஈயப் புகை உள்ளே வருகிறது என்கிறாள்போல என்று தலையாட்டினார்.

நாலாம் நாள் சாயங்காலம், ஒருவழியாக, அவருக்கு வித்தியாசம் கேட்டது. மேலே லேசாக ஒரு கடி. பையன் சொன்னது இதுதான் என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு கிறிஸ்டோவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் இருவரும் பழைய ஆம்பையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எலியேசரின் மகள் ஆஷிகாவும் வீட்டில் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள், அன்று லீவு. கிறிஸ்டோ கிடாரை மாட்டி ஒரே ஒரு அடிதான் அடித்தான். சூர்யபிரகாஷ் வாசலுக்கே பின்வாங்கிவிட்டான். ஆஷிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கிறிஸ்டோவின் கண் சுருங்கிப்போயிற்று. எலியேசர் மட்டும் ஸ்பீக்கருக்கு முன்னால் சிரித்தபடி நின்றார்.

"எப்படி?"

கிறிஸ்டோ நல்ல பையன், நல்ல பையன்கள்தான் இப்படிக் கெடுப்பது. "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றான்.

"பழசு மாதிரியே இருக்குல்லா?"

"ம். இருக்கு."

"ஏலே, ஏம்லே பொய் சொல்லுத" என்றான் வாசலில் நின்ற சூர்யபிரகாஷ். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. இது தகரத்துல ஆணியப் போட்டு இழுக்க மாதிரி இருக்கு. காது கூசுது."

எலியேசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க கேட்டதத்தான செஞ்சிருக்கேன். எங்க கூசுது? எனக்கு ஒண்ணும் கூசலியே!"

ஆஷிகாதான் மெல்ல போனை எடுத்தாள். ஒற்றைச் சத்தம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிற வீடியோ ஒன்று அதில் இருந்தது.

"அப்பா, சத்தம் கேக்குத வரைக்கும் விரல மேல தூக்கி வையி. நின்னதும் இறக்கிரு. நாங்களும் தூக்குதோம்."

அவருக்கு அது பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. இருந்தாலும் தூக்கினார். நாலு பேரும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கீழே கொர்ரென்று தொடங்கிய சத்தம் ஏறி, விசிலாகி, விசில் மெலிந்து, பிறகு நின்றுவிட்டது. எலியேசர் விரலை இறக்கினார். முடிந்ததா என்று மகளைப் பார்த்தார்.

அவள் விரல் மேலேயே இருந்தது. கிறிஸ்டோவின் விரலும் இருந்தது. சூர்யபிரகாஷின் விரலும் இருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எலியேசர் போனை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. மூன்று விரலும் இறங்குகிற வழியாக இல்லை. அவை பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. பயம் அப்போதுதான் வந்தது.

"நிறுத்துட்டி" என்றார்.

"டாக்டர்ட்ட ஒரு வாட்டி போவமாப்பா?"

"போவோம், போவோம்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பையன்கள் இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பினார்கள். விடவில்லை. உட்காரச் சொன்னார். தான் இஷ்டத்துக்குப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அடக்கி வைக்கிறது என்று பிடுங்கிய சாமானைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தார். படத்தில் இருந்த மூன்று மாற்றம் மட்டும் மிஞ்சியது. ஈயம் உருகும் புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

மூடியை மாட்டினார். பையன்கள் ஆளுக்கொரு ஆம்பில் கிடாரைச் செருகி ஒன்றாக அடித்தார்கள். அடித்ததும் இருவர் முகமும் விரிந்தது. கிறிஸ்டோ வாசிப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்து எலியேசரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அதே சத்தம்! ஒரே ஆளு வாசிக்க மாதிரி இருக்கு. எது என்னோடது, எது அவனோடதுன்னே தெரியல."

எலியேசரும் சிரித்தார். செத்த நேரத்துக்கு முன்னால் வாசலுக்கு ஓடவைத்த சத்தத்துக்கும் இதற்கும், அந்த லேசான கடி போனதைத் தவிர, அவருக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான், வேலை சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். இனிமேல் இப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது. பையன்கள் போகும்போது அவர்களோடு சேர்ந்து ஆம்பைத் தூக்கிக் காரில் வைத்தார். கார் சந்து திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

சந்தனமேரி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எலியேசர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அவளிடம் கேட்கப் பயமாகவும் இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இப்படித்தான் அவள் கொஞ்ச காலமாகவே பேசுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தெரியும். நம்ம சர்ச்சுல நீங்க ஸ்பீக்கர் செட் பண்ணிட்டு வெளிய வந்ததும், சர்ச்சப் பாத்துக்கிடுத கோயில்குட்டி போயி ட்ரெபிளக் குறைச்சு வைப்பாரு. முன்னால உக்காருத பொம்பளையளுக்கு காது கூசுதாம். அவுகளுக்கு உங்க மேல மரியாதை, அதனால உங்கட்ட சொல்லல. எங்கிட்டதான் சொன்னாக."

"எப்பருந்து?"

"ரொம்ப நாளா."

"நீயாவது எங்கிட்ட சொல்லிருக்கலாமே, மேரி."

"சொன்னேனே. ஒரு நா வண்டியில பின்னால உக்காந்து வரும்போது சொன்னேன். பொறவு ஒரு நா சோறு போடும்போது சொன்னேன். ரெண்டு தடவையும் நல்லாச் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீங்க. மூணாந்தடவ சொல்ல எனக்கு மனசு வரல."

அவள் திரும்பி அரிசியை எடுத்துக்கொண்டாள். எலியேசருக்கு அந்தச் சோறு போட்ட நாள் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கர் இன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது, எல்லாரும் உங்களைத்தான் பேசிக்கொண்டார்கள் என்று அவள் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.