இரண்டு வீட்டு ஆன்ட்டிவைரஸ்

என் பி.எட். ஆய்வறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கும்போது எங்கே தடுமாறுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே டைப் அடித்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பத்துப் பக்கம் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் திறக்காமல் நிற்கின்றன. கடையிலிருந்து வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒருவழியாக அறிக்கை மீண்டது. ஒப்படைக்க ஒரு வாரம் இருந்தது. அதற்குள் நல்ல ஆன்ட்டிவைரஸ் ஒன்று போட்டுவிடலாம் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம்.

ஒன்று என்றுதான் பேச்சு. நான் அரியலூரில் இருக்கும் என் அண்ணனைக் கேட்டேன். கணவர், வேப்பந்தட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தன் அக்கா வீட்டுக்காரரைக் கேட்டார். எங்கள் குடும்பங்களில் யோசனை கேட்டால் யோசனை மட்டும் வராது, ஆளே வந்து நிற்பார். சனிக்கிழமை காலையில் அண்ணன் பஸ் ஏறி வந்து ஒன்றைப் போட்டுக் கொடுத்துச் சாப்பிட்டுப் போனார். சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். ஏற்கெனவே ஒன்று இருப்பதாகத் திரையே எச்சரித்தது.

"இருந்துட்டுப் போவட்டும்மா, நம்மது அதையும் சேத்துப் பாத்துக்கும்" என்று சொல்லித் தன்னுடையதையும் போட்டார்.

வேண்டாம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. பஜ்ஜி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, கம்ப்யூட்டர் ஊர்ந்தது. ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வருவதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வியாழக்கிழமை ஒப்படைக்க வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி. இதற்கு அந்த வைரஸே தேவலை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கணவர் வேலைக்குப் போனதும், என் அண்ணன் போட்டதை எடுத்துவிட்டேன். அண்ணன் என்றால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்துவிடுவார். நாத்தனார் வீட்டுக்குத் தெரிந்தால் அது தீபாவளிவரை ஓடும். கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. புதன்கிழமை மத்தியானம் அத்தியாயத்தை முடித்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினார். "ஏம்மா, நம்மது ஒழுங்கா ஓடுதா? மாப்பிள்ளைய ஒரு தடவ பாக்கச் சொல்லு."

கணவர் பார்த்தார். முகம் மாறியது. "ஓடுதுங்க மச்சான், சூப்பரா ஓடுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கண்ணன் போட்டது எங்க?"

உண்மையைச் சொன்னேன். "அதான் உங்கக்கா வீட்டு மாமா போட்டது இருக்குல்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அத நான் நேத்து சாயங்காலம் எடுத்துட்டேன். நீ காய் வாங்கப் போயிருந்த. உங்கண்ணன் பாவம், பஸ் ஏறி வந்து போட்டாரேன்னு..."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் தன் அக்கா வீட்டை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. பயந்துபோய்த் தேடினால், கம்ப்யூட்டரோடு கூடவே வந்த பாதுகாப்பு, இரண்டும் தொலைந்ததும் தானாகவே வேலையைத் தொடங்கியிருந்தது. முழுவதும் சோதிக்கச் சொன்னோம். ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு பக்கமும் பத்திரமாக இருந்தன. அதையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

பிரிண்ட் எடுக்கும் முன் நன்றியுரையில் ஒரு வரி சேர்த்தேன்: கணினியைக் காத்துத் தந்த இரு அண்ணன்மாருக்கும் நன்றி. பக்கத்தில் நின்று படித்த கணவர், "எம்பேரு எங்க?" என்றார்.

"உங்க பேரப் போட்டா எதுக்குன்னு எழுதணுமே, ரெண்டு வூட்டுலயும் படிப்பாங்களே" என்றேன்.

அவர் டீ போடப் போனார். நான் முதல் வரியில் அவர் பெயரைப் போட்டேன். எதற்கு என்று எழுதவில்லை.