ஆடாமல் உட்கார்ந்து வந்தவள்

ஞாயிறு காலை 6.40. சேலையூரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வண்டியின் மீட்டர் 41,212 காட்டியது. பின்னால் என் மனைவி வசந்தி. அவளுக்கும் பின்னால், போன வருடம் நான் ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய ஐம்பத்தைந்து லிட்டர் அலுமினியப் பெட்டி. முதலில் பம்மலில் ஒரு மெக்கானிக் கடை, பிறகு வண்டியைச் சோதித்துப் பார்க்கக் கேளம்பாக்கம் வரை. அவ்வளவுதான் திட்டம். இதைப் போய்ப் பயணம் என்று எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வருடங்களில் நாங்கள் சேர்ந்து போன எந்த ஊரும் இந்த அரை நாளைப் போல என்னைக் குத்தியதில்லை.

வண்டியின் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தைந்தைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கும். எண்பதில் வண்டியே இடமும் வலமுமாக நெளியும். பத்து நாள் கழித்து வால்பாறை போக அறை போட்டிருந்தோம். "முதல்ல இந்த ஆட்டத்தை நிறுத்துங்க. இல்லன்னா நான் வரலை" என்று வசந்தி சொல்லிவிட்டாள்.

நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே ஒரு வழக்கம். யாருடைய வண்டி ஆடினாலும் ஓட்டியவரைக் குறை சொல்லமாட்டோம், ஆயிரம் ஆயிரமாகக் கொட்டி மாட்டிய சாமான்களையும் குறை சொல்லமாட்டோம். "பின்னாடி உக்காந்தவங்க அசைஞ்சிருப்பாங்க" என்று முடித்துவிடுவோம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வண்டி நெளியும்போதெல்லாம் "ஆடாம உக்காரு" என்று கத்துவேன். ஏலகிரியிலிருந்து திரும்பிய அன்று இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும் அவள் மரக்கட்டை மாதிரி விறைத்து உட்கார்ந்து வந்தாள். வீடு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழகிவிடும் என்று சொன்னேன். வெட்கமில்லாமல் அதையும் இங்கே எழுதுகிறேன்.

7.25. பம்மல், பதினோரு கிலோமீட்டர். மெக்கானிக் சேகர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்ட சாமான் ஸ்டியரிங் ஸ்டெபிலைசர். எண்ணெய் அடைத்த ஒரு குட்டிக் குழாய். ஒரு முனை வண்டியின் உடம்பில், மறுமுனை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில். கைப்பிடி படபடவென்று ஆடப் பார்த்தால் இது இழுத்துப் பிடிக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பதை ஒரு திருகில் வைத்துக்கொள்ளலாம். விலை 9,800 ரூபாய், மாட்டுக்கூலி 600.

சேகர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பெட்டியைத் தட்டினார். "இதுல இன்னா சார் கீது?"

"டூல்ஸ், மழைக்கோட்டு, டியூப், பம்பு..."

"வூட்லேர்ந்து பம்மல் வர்றதுக்கா? பொட்டி பூராவும் பின்சக்கரத்தத் தாண்டித் தொங்கிகினு கீது சார். ஒரு தபா கழட்டிட்டு ஓட்டிப் பாருங்களேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இதை மாட்டின அன்னிக்குத்தான் ஆட்டமே ஆரம்பிச்சுது" என்றாள் வசந்தி.

"உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரு" என்றேன்.

சேகர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சார் சொன்னா சரி" என்று ஸ்பேனரை எடுத்தார். அந்தப் பெட்டி மூடி அவள் முதுகில் இடிக்கிறது என்று இரும்புத் தகடு வைத்து ஆறு அங்குலம் பின்னால் தள்ளி மாட்டியவன் நான்தான். பழைய சின்னப் பெட்டியே போதும் என்று அப்போதே அவள் சொன்னாள். குழுவில் எல்லோரும் பெரிது வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

9.50. கிளம்பினோம். பல்லாவரம் திருப்பத்தில் கைப்பிடி மாவாட்டுவது போலக் கனத்தது. திருகை அவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் வழக்கமான நெரிசல். 10.45-க்கு வண்டலூரில் இடதுபக்கம் திரும்பினோம். கண்டிகையைத் தாண்டியதும் சாலை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. எழுபத்தைந்து. கைப்பிடி அசையவில்லை. எண்பது. எனக்குள் விசில் அடித்தது. எண்பத்தைந்தில் பின்பக்கம் மெதுவாக, பெரிதாக நெளிய ஆரம்பித்தது. கைப்பிடி இறுகியிருந்ததால் அது தொடங்கியதே எனக்குத் தெரியவில்லை. வலதுபக்கம் ஜல்லி லாரி. வண்டி அதன் சக்கரத்தை நோக்கி நகர்ந்தது.

வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது, "ஆடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

மாம்பாக்கம் டீக்கடை முன்னால் வசந்தி இறங்கினாள். குரல் நடுங்கவில்லை. "பெட்டியைக் கழட்டுங்க. அந்தத் திருகையும் பூஜ்யத்துல வைங்க. ஒரே ஒரு தடவை."

டீ போட்டுக்கொண்டிருந்த அக்கா, "இங்கியே வெச்சிட்டுப் போ சார், எவன் தூக்கினு போப்போறான்?" என்றார். டீ பதினைந்து ரூபாய். வசந்தி குடிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி அங்கேயே வைத்தேன், திருகையும் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

11.30. மாம்பாக்கத்திலிருந்து கேளம்பாக்கம் ஒன்பது கிலோமீட்டர். புதுப்பாக்கம் தாண்டி எண்பது. எண்பத்தைந்து. கோடு போட்டதுபோல் நேராகப் போனது வண்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பாமலேயே கத்தினேன், "பாத்தியா! நீ ஆடாம உக்காந்தா எப்படிப் போகுது!"

கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"புதுப்பாக்கத்துலேர்ந்து ஆடிக்கிட்டேதான் வந்தேன். வேணும்னே. இந்தப் பக்கம் சாஞ்சேன், அந்தப் பக்கம் சாஞ்சேன், பின்னாடி திரும்பிக்கூட பாத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியவே இல்லை.

"ஒரு வருஷம்" என்றாள். "இடுப்பு விட்டுப்போச்சு. உங்க பெட்டிக்காக."

தப்புதான் என்றேன். அது என் காதுக்கே போதவில்லை.

"வால்பாறை ரூமை கேன்சல் பண்ணிடுங்க."

"அதான் சரியாயிடுச்சே வசந்தி."

"வண்டி சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற தாம்பரம் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

நான் மாம்பாக்கத்தில் பெட்டியை எடுத்து மறுபடி மாட்டினேன். வேறு எங்கே வைப்பது? 12.50-க்கு வண்டலூர் நெரிசலில் அந்தப் பேருந்தை எட்டிப் பிடித்தேன். வசந்தி ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி ஏதோ சொன்னாள். சரிந்து உட்கார்ந்தாள், நிமிர்ந்தாள், காலை நீட்டிக்கொண்டாள், முடியை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். ஒரு நொடிகூட அசையாமல் இருக்கவில்லை. பேருந்து ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே, காலி இருக்கையோடு, தாம்பரம் வரை போனேன்.