என் பகல் தூக்கமும் பிள்ளையின் பாலும்

வாசலில் கறுத்த ஷூ கிடந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். உள்ளே நைட் ஷிப்ட் முடித்த ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். மீன்காரர்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த தெருவில்தான் கூவுவார்.

நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. பெர்மனென்ட் ஆட்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். எனக்கு நைட் மட்டும்தான். காலையில் வந்து குளிப்பேன், தின்பேன், படுப்பேன். டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணியடித்து மாட்டியிருந்தேன். பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் சோற்றுப் பானை தெரியும்.

பிரசவம் முடிந்து தாய் வீட்டில் இருந்துவிட்டு, மூன்றாம் மாதம் மனைவி பெண் குழந்தையோடு வந்தாள். வரும்போது அது நன்றாகத் தூங்குகிற பிள்ளை. அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"நான் தூங்கும்போது கொழந்த அழக்கூடாது. தூக்கம் கெட்டா பெல்ட்டுல கைய வுட்டுடுவேன்."

அது பொய் இல்லை. அப்படிக் கை போன ஆளை எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்தே அவள் வாயை அடைத்தேன்.

அவள் கொலுசைக் கழற்றினாள். பிள்ளையின் கொலுசையும் கழற்றினாள். விசில் வரக்கூடாது என்று குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தாள். பிள்ளை லேசாக முனகினால் போதும், மார்பில் போட்டுக்கொள்வாள். அது இரண்டு மடக்குக் குடிக்கும். இருட்டு, சத்தமும் இல்லை. கண் சொருகிவிடும். அரை மணியில் மறுபடி முனகும். மறுபடி இரண்டு மடக்கு. பகல் முழுக்க இப்படியே. நான் அழுகை கேட்காமல் தூங்கினேன்.

சாயங்காலம் எழுந்து டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவேன். பிள்ளைக்கு அப்போதுதான் விடியும். விடிய விடிய முழித்துக்கொண்டு அழுமாம். பகலில் பழகியபடி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி அழுமாம். நான் பார்த்ததில்லை. நான் அங்கே இல்லை.

ஒரு மாதத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. சோறு போடும்போது ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, பகல்ல அந்தக் கம்பளிய எடுத்துடலாமா? வெளிச்சத்துல வெளையாடினா நல்லா பசியெடுத்துக் குடிக்கும். எங்கம்மா வூட்ல அப்பிடித்தான் குடிச்சிது."

"அப்ப நான் எங்க தூங்குறது?"

"நான் வேணா தூக்கிக்கினு போயி வெளிய வேப்பமரத்தாண்ட ஒக்காந்துக்கறேன்."

"ஒக்காரு. புருசன் வெரட்டிட்டான்னு நாலு பேரு பேசட்டும்."

அப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்டது அந்த ஒரு தடவைதான்.

காடாம்புலியூரிலிருந்து என் அக்கா பார்க்க வந்தாள். முந்திரி உடைத்துக் கறைபட்ட கையில் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னாடா தம்பி, கொழந்த பஞ்சாட்டம் இருக்குது? ஒன் பொண்டாட்டிக்குப் பாலு பத்தல. அதான் தூங்க மாட்டுது."

"பாலு இருக்குது அண்ணி," என்றாள் மனைவி.

"இருந்தா எதுக்கு அர மணிக்கு ஒரு தரம் கேக்குது? நானும் மூணு பெத்தவதான்."

மனைவியை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலமே டப்பாப் பால் வாங்கி வந்தேன். அக்கா கலக்கிக் காட்டினாள். டப்பாவில் போட்டிருந்ததற்கு மேல் ஒரு கரண்டி.

"கெட்டியா இருந்தாத்தான் வயித்துல நிக்கும். பாரு, எப்பிடித் தூங்குதுன்னு."

தூங்கியது. சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம். "பாத்தியா?" என்றேன் மனைவியிடம். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க வழியில்லை.

பாட்டில் கூடக் கூட, மார்பில் வாய் வைப்பது குறைந்தது. குடிக்காத மார்பில் பால் எப்படி ஊறும். முதலில் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. பிறகு வற்றியது. ஒரு பகல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து பீய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

பிள்ளையின் வயிறு கல்லாகிவிட்டது. நாலு நாள் வெளிக்குப் போகவில்லை. இப்போது பகலிலும் கத்தியது. சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். தூக்கம் கெட்ட கோபத்தில் நானும் போனேன்.

நர்ஸம்மா முதலில் கரண்டிக் கணக்கைக் கேட்டுத் திட்டினார். பிறகு தாய்ப்பாலைப் பற்றிக் கேட்டார்.

"எப்ப எப்பக் குடுத்த?"

"அழும்போதெல்லாம்."

"எவ்ளோ நேரம்?"

மனைவி என்னைப் பார்த்தாள். "சத்தம் அடங்கற வரைக்கும்."

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"மொதல்ல வர்றது தண்ணிப் பாலும்மா. தாகத்துக்கு ஆவும். நின்னு குடிச்சாத்தான் கெட்டிப் பாலு வரும், வயிறு ரொம்பும். ரெண்டு மடக்குல வுட்டா அர மணிக்கு எழுந்திரிக்காம என்னா பண்ணும்? பகல்ல வெளிச்சத்துல, பேச்சு சத்தத்துல வச்சி வயிறாரக் குடுக்கணும். ராத்திரி இருட்டுல குடுத்துட்டுப் பேசாம படுக்க வைக்கணும். பகல் எது, ராத்திரி எதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

"நான் நைட் ஷிப்டுங்க," என்றேன்.

"ஷிப்டு உங்களுக்கா, கொழந்தைக்கா?"

வீட்டுக்கு வந்ததும் கம்பளியைப் பிடுங்கினேன். ஷூவை எடுத்து உள்ளே வைத்தேன். மறுநாள் மீன்காரர் எங்கள் வாசலிலேயே கூவினார். பாலை டப்பாவில் போட்டிருந்த அளவுக்குக் கலக்கினோம். இருபது நாளுக்குள் வயிறு சரியானது, பிள்ளை இரவில் தூங்கப் பழகியது.

நானும் தூங்கினேன். வெளிச்சத்திலும் மீன்காரர் சத்தத்திலும் நன்றாகவே தூங்கினேன். கை போகவில்லை.

பால்தான் திரும்பவில்லை. நர்ஸம்மா சொன்னபடி மார்பில் போட்டுப் பார்த்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தேடியது. கொஞ்ச நாள் விடாமல் பார்த்தாள். பிறகு ஒரு நாள் ரவிக்கை ஊக்கை மாட்டிக்கொண்டு எழுந்துபோனாள்.

"வுடு. டப்பாப் பாலுல எத்தினி புள்ளைங்க வளருது," என்றேன்.

"வளரும். கம்பளிய எடுக்கலாமான்னு நான் ஒரு நா கேட்டன் இல்ல," என்றாள்.

அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். படுத்தால் தூங்கிவிடுகிறாள். மனைவிக்குத்தான் தூக்கம் போய்விட்டது. மகள் புரண்டு படுத்தாலும் எழுந்து உட்காருகிறாள். கை தானாக ரவிக்கைக்குப் போகிறது. அப்புறம் ஞாபகம் வந்து இறக்கிக்கொள்கிறாள்.

எனக்கு இன்னும் நைட்தான். போன மாதம் வேலை முடிந்து வந்து, அவள் அன்று கழற்றி வைத்த கொலுசை எடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"இப்ப எதுக்கு? நீங்க தூங்குங்க," என்றாள்.

தூங்கினேன்.