கிருபாகரன் அண்ணாச்சியின் பின்மண்டை

மோவாயை மார்பில் ஒட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பின்தலையைக் காட்டுகிறார் கிருபாகரன் அண்ணாச்சி. “பாரும் வே, தெரியுதா?” காலையில் நான் பல் தேய்க்கும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். தெரியவில்லை என்றால், “கண்ணாடியப் போட்டுப் பாரும்” என்பார். தெரிகிறது என்றால் அன்றைக்குப் பூராவும் என்னோடு பேச்சுவார்த்தை கிடையாது. நானும் மனுஷன்தானே, வாயில் நுரையோடு எதைச் சொல்வது?

அண்ணாச்சி துறைமுகத்தில் சரக்குகளைக் கஸ்டம்ஸில் காட்டி விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜெண்ட். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் இரண்டு போன். மகள் ஜெபசுதாவின் கல்யாண ஆல்பத்தில் வழுக்கையோடு நிற்க மாட்டேன் என்று போன வருஷம் மதுரைக்குப் போனார். பின்தலையில் ஒரு கீற்றுத் தோலை எடுத்து, அதிலிருந்த முடியை முன்னால் நட்டார்கள். எடுத்த இடத்தைத் தைத்ததில் காதுக்குக் காது ஒரு கோடு. இது அவர் வீட்டாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சர்ச்சில் சபையாரிடம் அவர் சொன்னது வேறு. “எல்லாம் கருவேப்பிலைத் துவையல்தான்.” அதை நம்பி எங்கள் மில்லர்புரத்தில் பல வீடுகளில் ஆண்களுக்கு மூன்று வேளையும் துவையல்தான். பாவம், முடி வந்தபாடில்லை.

அவருடைய அக்காள் மகன் ஜாபேஸும் அதே டாக்டரிடம் அதே வைத்தியம் செய்துகொண்டான். வயது இருபத்தாறு. அவன் பேச்சை எடுத்தால் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிடும். “வயசுப் பய தோலு டைட்டுல்லா. தையல ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்திட்டு. தழும்பு விரல் மொத்தத்துக்குக் கெடக்கு. நமக்குத் தோலு தளர்ந்தாச்சு, எங்கன இழுக்க? நூலு மாதிரி விழுந்திருக்கு. அறுபத்தொண்ணு வே, அறுபத்தொண்ணு.” ஐம்பத்தைந்தோடு பிறந்தநாளை நிறுத்திக்கொண்ட மனிதர் இவர். இளமையாகத் தெரிய மதுரைக்குப் போனவர், வந்த பிறகு கிழவனாக இருப்பதில்தான் பெருமைப்படுகிறார்.

எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல முடியாது, வயதானால் ஆறவும் நாளாகும் என்று டாக்டர் கூடவே சொன்னதை மட்டும் சொல்ல மாட்டார். உண்மையில் கோடு மெல்லியதுதான். ஆனால் அது ரோஜா நிறத்திலேயே, முடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்காகக் கிடந்தது. வெளியே தொப்பி போட்டுச் சமாளித்தார். ஆலயத்துக்குள் ஆண்கள் தொப்பியோடு இருக்க முடியாதே. அதனால் பரம்பரையாக முன்வரிசையில் உட்கார்ந்தவர் கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் மனிதருக்கு ஒரு விஷயம் உறைத்தது. பெண்ணின் கையைப் பிடித்து ஆலயத்தின் நடுவே பீடம் வரை அழைத்துப் போக வேண்டியது அப்பா. பிடித்துக் கொடுக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டியதும் அப்பா. சபை முழுக்க அவருக்குப் பின்னால். “முன்னால இம்புட்டுப் பாடுபட்டு நட்டிருக்கேன், பாக்கதெல்லாம் பின்னாலல்லா. கஸ்டம்ஸ்காரனும் இப்பிடித்தான் வே, கண்டெய்னரப் பின்னாலதான் தொறந்து பாப்பான்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

மைத்துனர் அழைத்துப் போகட்டும் என்று மெதுவாக வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஜெபசுதா போட்ட சத்தம் என் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. “யாரும் உங்க மண்டையப் பாக்க வரல. என் சேலையப் பாக்கத்தான் வாராவ. நீங்க கூட்டிட்டுப் போகலன்னா நான் வீட்டவிட்டே எறங்க மாட்டேன், பாத்துக்கோங்க.” அண்ணாச்சி மைத்துனர் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது.

பட்ட காலிலே படும் என்பார்களே. கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்ணாச்சி, வன்னியபெருமாளின் சலூனில் முகத்துக்கு மசாஜ் செய்த சுகத்தில் தூங்கிவிட்டார். வன்னியபெருமாள், அண்ணாச்சி வீட்டு விசேஷமாயிற்றே என்ற பிரியத்தில், பின்பக்கம் மெஷினை ஒட்டப் போட்டுவிட்டான். அன்று மாலை சுவரருகே வந்து குனிந்தார். கேள்வியே கேட்கவில்லை.

மறுநாள் மகளின் கையைப் பிடித்து நடந்தார். பீடத்தின் முன் நின்றார். விளக்கு வெளிச்சத்தில் கோடு பளிச்சென்று தெரிந்தது. “அண்ணாச்சிக்குப் பின்னால என்னமும் அடிபட்டிருக்கோ?” என்று பக்கத்தில் இருந்த ஆசிரியை ஈவாஞ்சலின் என் காதில் கேட்டார். “தொப்பி போட்ட தடம்” என்று ஆலயத்துக்குள்ளேயே துணிந்து புளுகினேன். பெண்ணைக் கொடுப்பது யார் என்று குருவானவர் கேட்டபோது, “நான்தான்” என்ற குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போயிருக்கும்.

மகளின் கையைக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். மணமக்களுக்காக ஜெபம் தொடங்கியது. அண்ணாச்சி இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, மோவாய் மார்பில் ஒட்டும்வரை, சபை முழுவதற்கும் முன்னால் தலையைக் குனிந்தார்.